தாய்மாமன் மடி

கரண்டோடு பழகுகிறவன் நான். காரைக்குடியில் இருபது வருடமாக வயரிங் வேலை. ஏணி உச்சியில் நின்று ஃபேன் மாட்டும்போது நடுங்காத கை, நாலு பேர் கூடிய இடத்தில் காபி டம்ளரை வாங்கும்போது நடுங்கும். நெஞ்சு படபடக்கும். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம் மட்டும் நன்றாகத் தெரியும்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து குவார்ட்டர். முதல் கிளாஸ் உள்ளே போனதும் பேச்சு வரும். நானே நாலு பேரைச் சிரிக்க வைப்பேன். மறுநாள் பல் தேய்க்கும் முன்பே பழைய பயம் வந்து நிற்கும், முன்பைவிடப் பெரிதாக. நேற்று யாரிடம் என்ன உளறினோம் என்று மனம் குடையும், காரணமில்லாமல் அழுகை முட்டும். குடியால் வந்ததைக் குடித்தே தீர்க்கப் பார்த்தேன். அது முட்டாள்தனம் என்று பல வருடம் எனக்கு உறைக்கவே இல்லை.

கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, பள்ளத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மூத்த மகளுக்கு ஒரு வயதில் கோயிலில் வைத்துக் காது குத்தினார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளை திமிறாமல் மாமன்தான் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் சொந்தபந்தம் அத்தனை பேரும் நிற்பார்கள். என் கை நடுங்கி ஊசி தவறிவிட்டால்? அந்த நினைப்பிலேயே ஒரு வாரம் தூக்கம் போனது. அன்று காலை, கை நிற்க வேண்டும் என்பதற்காகவே, முந்தின நாள் வாங்கி வைத்திருந்ததில் பாதியைக் குடித்தேன். பிள்ளைக்காகத்தான் குடித்தேன் என்று இன்றும் சொல்வேன். சொல்லும்போதே என்மேல் எரிச்சலாக வரும்.

கை நின்றது. புது வேட்டியும் மாலையுமாகப் பலகையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைக்கக் குனிந்த தங்கைக்கு வாடை அடித்துவிட்டது. அவள் கத்தவில்லை.

"இன்னைக்குமா இப்புடி வந்திருக்கீக? அங்குட்டுப் போயி உக்காருங்கண்ணே."

எங்கள் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். பிள்ளை வீரிட்டு அழுதபடி என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அன்றே திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அந்த வெட்கத்தை மறக்க இன்னும் ஒரு வருடம் குடித்தேன். பிறகு டாக்டரிடம் போய், மாத்திரை போட்டு நிறுத்தினேன். ஆரம்பத்தில் பயம் ஆளைத் தின்றது. நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அந்தப் பயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டீ குடிக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. குடிமேல் ஏக்கமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று உண்டு, அன்றைக்கு என் மடியில் இறங்காமல் போன அந்தப் பிள்ளையின் கனம். மூன்றரை வயதாகிறது அவளுக்கு. ஜிமிக்கி ஆட ஓடுகிறாள். என்னிடம் மட்டும் வரமாட்டாள்.

போன ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவதும் பெண், அடுத்த மாதம் காதுகுத்து. "வந்துருங்கண்ணே" என்றாள். யார் மடியில் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"கூட்டத்தக் கண்டா எனக்குக் கை நடுங்கும் தாயீ. அன்னைக்கு அதுக்குத்தான் குடிச்சேன். இப்பக் குடிக்கிறதில்ல. அதனால நடுங்கத்தான் செய்யும்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாண்ணே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, பக்கத்துல உக்காந்து நானே உங்க கையப் பிடிச்சிருப்பேன்ல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் மடி என்று அப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டிய அந்தக் கையை நினைத்து, பஸ்ஸில் காரைக்குடி வரும்வரை அழுதேன்.