பால் லாரி விங்கோ

"ஒரு கை பிடிங்கப்பா, பீரோவ நகத்தணும்" என்று விங்கோ ஆள் கூப்பிட்டால், ஊரில் யாரோ இரண்டு பேருக்குள் பேச்சு நின்றுபோயிருக்கிறது என்று பொருள். அவர் வீட்டு மாடியில் ஓக் மர பீரோ ஒன்று உண்டு. மனைவி ரெஸ்காவோடு கூடவே வந்தது, அவருடைய துணிமணியெல்லாம் அதில்தான். தனி ஆளால் அசைக்க முடியாது. சண்டைக்காரர்கள் இருவரையும் தனித்தனியாகச் சொல்லி ஒரே நேரத்துக்கு வரவழைப்பார். ஆளுக்கு ஒரு முனை. மாடி நடையின் திருப்பத்தில் "உன் பக்கம் இறக்கு", "டேய், என் விரலு!" என்று வாய் திறந்தே ஆக வேண்டும். பீரோ தெற்கு அறைக்குப் போய்ச் சேரும்போது விங்கோ பிளம் சாராயமும் மூன்று கண்ணாடிக் கோப்பைகளுமாக வாசலில் நிற்பார். நானும் என் மச்சானும் வேலித் தகராறு முற்றியபோது அதை வடக்கு அறைக்குத் தூக்கினோம். கொஞ்ச நாளில் வேறு யாரோ தெற்கே கொண்டுபோய்விட்டார்கள்.

இந்த வசந்தத்தில் அவரை அடக்கம் செய்தோம். எங்கள் ஊர் பொல்யானா முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் நின்றது. திரும்பி வரும் வழியில் ரெஸ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலாவது என் பாவாடை எந்த ரூம்ல இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். முன்னால் போனவர்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பிழைப்புக்கு அவர் பால் லாரி ஓட்டினார். மலைப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் போய்ப் பால் எடுத்து வரும் வேலை. வண்டி நிற்பதற்கு முன்பே தலையும் உரத்த குரலும் வெளியே வந்துவிடும். மேல்பண்ணைச் சேதி கீழ்ப்பண்ணைக்கு அப்படித்தான் போய்ச் சேரும். தொலைபேசியில் பேசினாலும் அதே குரல்தான். "கொஞ்சம் மெதுவாப் பேசேன்" என்று ரெஸ்கா சொன்னால், "அவங்க தூரத்துல இருக்காங்கல்ல!" என்பார். மாதா கோயில் பாடகர் குழுவில் அவருக்கு எப்போதும் ஆர்கன் குழாய்களுக்குப் பக்கத்தில்தான் இடம். ஏன் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஊர்ச் சபைக்கும் தீயணைப்புச் சங்கத்துக்கும் அவரே தலைவர். "சுருக்கமா ரெண்டு வார்த்தை" என்று அவர் எழுந்தால் நாங்கள் இன்னொரு கோப்பை ஒயின் வாங்கி வைத்துக்கொள்வோம்.

ரெஸ்கா நூற்பாலையில் காலை ஷிப்ட் பார்த்த காலத்தில், மகள் போலோனா அப்பாவோடு லாரியிலேயே சுற்றினாள். விங்கோ ஏதோ ஒரு பண்ணையில் நின்று அவளுக்குத் தலை பின்னல் போடக் கற்றுக்கொண்டார். முதல் பின்னல் மாட்டுக் கயிறு மாதிரி இருந்தது, பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள். மறுநாள் முதல் போகிற பண்ணையில் எல்லாம் பெண்களிடம் மகளின் தலையைக் காட்டித் திருத்தச் சொன்னார். குளிர்காலம் வருவதற்குள் ஊரிலேயே அழகான பின்னல் போலோனாவுடையது. ஒவ்வொரு பண்ணையிலும் ரொட்டியும் தேனும் தின்று அவள் உருண்டையாக ஆனது வேறு கதை.

ரெஸ்காவுக்கு ஒரு குறை உண்டு. விருந்து நடுவிலோ பிறந்தநாளிலோ தீயணைப்புச் சங்கு ஊதினால் விங்கோ வாயில் இருப்பதை மென்றுகொண்டே ஓடிவிடுவார். "எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. செவப்பா, நாலு சக்கரத்தோட" என்று எல்லோரிடமும் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனாலும் சொல்வார்.

பிறகு ரெஸ்காவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. போலோனா தலைநகரத்திலிருந்து வந்து, "அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போறேன்ப்பா. உனக்கு டீ போடக்கூடத் தெரியாது" என்றாள்.

"பின்னல் போடவும்தான் தெரியாம இருந்துச்சு" என்றார் விங்கோ.

ரெஸ்காவை மருத்துவமனையிலிருந்து கொண்டு வந்த வாரம் சங்கக் கூட்டத்தில் எழுந்தார். நாங்கள் வழக்கம்போலக் கோப்பையை நிரப்பினோம். அன்றைக்கு உண்மையிலேயே சுருக்கமாகப் பேசினார். "நாளையிலேர்ந்து நான் வரல. ரெஸ்காவுக்கு நான் வேணும். ஃபெர்தோவத் தலைவராப் போடுங்க."

ஃபெர்தோ எல்லாக் கூட்டத்திலும் அவரை எதிர்த்து நின்றவர். பீரோவைப் பல தடவை தூக்கியவர். ஃபெர்தோவே எழுந்து, "என்ன, கிண்டல் பண்றியா?" என்றார்.

"இத்தன வருஷமா நான் பேசினதுல ஒவ்வொண்ணாத் தப்புக் கண்டுபிடிச்சவன் நீதான். அப்ப நீ ஒருத்தன்தான்டா நான் பேசினதக் கேட்டிருக்க."

அதற்குப் பிறகு விங்கோ சமையல் கற்ற கதை ஊருக்கே வேடிக்கை. லாரியை அக்கா மகனுக்கு விட்டுவிட்டு, ரெஸ்காவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றார். ரெஸ்கா ஜன்னலோர நாற்காலியிலிருந்து உத்தரவு போடுவார். முதலில் தெளிவாகத் திரும்பி வந்த சொல் "உப்பு". இன்னும் போடு என்கிறாரா, போதும் என்கிறாரா என்று தெரியாது. விங்கோ ஒவ்வொரு தடவையும் போட்டார். ஊர்ச் சபைக்காரர்கள் யோசனை கேட்க வந்தால் கையில் கத்தியைக் கொடுத்து, "கேரட்ட நறுக்கிட்டே சொல்லு" என்பார். கூட்டம் எல்லாம் அந்தச் சமையலறைக்கே இடம் மாறியது. ரெஸ்காவுக்குச் சொற்கள் மெல்லத் திரும்பியதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். அத்தனை பேர் தப்பாகப் பேசும்போது எவ்வளவு நேரம் சும்மா இருப்பது?

அந்த இலையுதிர் காலத்தில் மழை விடாமல் அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சங்கு ஊதியது. ஓடை கரையைத் தொட்டுவிட்டது. புதுத் தலைவருக்கு முதல் பெரிய அழைப்பு. ஃபெர்தோவும் நானும் ஓடினோம். பழக்க தோஷத்தில் கால் நேரே விங்கோ வீட்டு வாசலில் போய் நின்றது.

விங்கோ கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். மறு கை கதவருகே இருந்த கோட்டு வரை நீண்டு, அதன் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"போ" என்றார் ரெஸ்கா நாற்காலியிலிருந்து. அந்தச் சொல்லும் தெளிவாகத்தான் வந்தது.

விங்கோ கோட்டை விட்டார். "அங்க நாப்பது பேரு இருக்காங்க ரெஸ்கா. இங்க நான் ஒருத்தன்தான்."

ஃபெர்தோவுக்கு மூச்சு வாங்கியது. "டேய் விங்கோ, மணல் மூட்டை எல்லாத்துக்கும் பத்தாது. மர மில்லுப் பக்கம் அடுக்கறதா, கீழ்த்தெருப் பக்கமா?"

"நீ என்ன நெனைக்கிற?"

"கீழ்த்தெரு. மில்லுல இருக்கறது மரம். அங்க இருக்கறது ஆளுங்க. ஆனா மில்லுக்காரன் என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவான்டா."

"அப்புறம் ஏன் இங்க வந்து நின்னுட்டிருக்க?"

ஃபெர்தோ திரும்பி என்னைத் திட்டினார்: "அதானே, ஏன்டா இங்க நிக்கிற? ஓடு!"

மதியம் முழுக்க மணல் மூட்டை கைமாறியது. பாதிரியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார். மில்லின் பலகைகள் ஒவ்வொன்றாக மிதந்து போவதை அதன் முதலாளி பாலத்தில் நின்று பார்த்தார். ஃபெர்தோவின் பெயரையும் அவருடைய பாட்டன் பெயரையும் சேர்த்துக் கத்தினார். கீழ்த்தெருவில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. உள்ளே போகவில்லை. பொழுது சாயும்போது வடியத் தொடங்கியது. வேலை ஏவிக் கத்தியதில் ஃபெர்தோவுக்குக் குரலே இல்லை.

யாரும் சொல்லாமலே எல்லோரும் விங்கோ வீட்டுக்குப் போனோம். ஊருக்கே போதுமான பெரிய பானையில் மாட்டெலும்பு சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஓடிய நேரத்திலிருந்து அவர் நூடுல்ஸ் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தடியும் ஒல்லியுமாக, சில கயிறு மாதிரி. வாயில் வைக்க முடியாத உப்பு. எல்லோரும் தலையைக் குனிந்து குடித்தோம். ரெஸ்காதான் ஒரு வாய் குடித்துவிட்டு, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "போதும்னு... சொன்னேன்" என்றார். சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. விங்கோ எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

ஃபெர்தோ மட்டும் உள்ளே வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். விரல்கள் மடங்கவில்லை. மறுபடி குனிந்தார். முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார்.

விங்கோ கரண்டியை என்னிடம் கொடுத்தார். பூப்போட்ட ஏப்ரனோடு வெளியே போய், ஈரத் தரையில் மண்டியிட்டு, ஃபெர்தோவின் குதிகாலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடித்து இழுத்தார்.