சைக்கிளுக்குத் தறிக்குழி அளவு

அப்பாவின் முழங்கால் வலிக்குச் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கேட்டால் அப்பா வேண்டாம் என்பார். அதனால் இன்று அவருக்குத் தெரியாமல் சைக்கிள் கடைக்குப் போனேன்.

அவர் உயரத்தை வைத்து ஃபிரேம் சைஸைப் போனில் பார்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஒயரம் ஒதவாதுங்க. கால் நீளம்தான் கணக்கு. ஃபிரேம் பெருசாயிட்டா முட்டி இன்னும் கெட்டுடும். அப்பா இன்னா வேலை?"

கைத்தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து பட்டு நெய்கிறார் என்றேன்.

"அப்ப தறிக்குழி எவ்ளோ ஆழம்னு கேளுங்க. அவரு கால் மிதிக்கிற அளவுக்குத்தான வெட்டியிருப்பாங்க."

தேங்கிய சரக்கைத் தள்ள இது ஒரு வித்தையோ என்று சந்தேகம். ஆனாலும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம குழி எவ்ளோ ஆழம்ப்பா?"

தறிச் சத்தம் நின்றது.

"இன்னாத்துக்கு?"

"சும்மா."

"சும்மா எவன்டா குழி அளவு கேப்பான்? பக்கத்துல யாரு, பவர்லூம்காரனா? குழிய மூடிட்டு மிஷின் போடலாம்னு பேசிகினு இருக்கீங்களா?"

"இல்லப்பா, ஒரு சைக்கிளுக்கு."



"பொய் சொன்னாலும் பொருந்துற மாதிரி சொல்லுடா." வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், சாப்பிடக்கூட எழாமல் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். என் சட்டைப்பையில், குழியை அளக்கக் கடைக்காரர் கொடுத்தனுப்பிய இன்ச் டேப்.

அவரை எப்படி வெளியே வரவைப்பது? யோசனை இருப்பவர்கள் சொல்லுங்கள். போனில் வேண்டாம், ஒட்டுக் கேட்கிறார்.