சரணடைய ஒரு விதி

உத்திரமேரூரில் நண்பர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் ஒரு விளையாட்டு ஆடுவோம். நான் கதை சொல்லி, எதிரிகளையும் நடத்துவேன். மற்றவர்கள் அதில் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். எதிரி எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகள் தீரும்வரை வெட்ட வேண்டும் என்பது நான் எழுதிய விதி. அதனால் ஒரு சண்டையே மதியம் முழுக்க இழுத்தது. ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். சண்டை சீக்கிரம் முடியட்டும் என்று ஆயுதங்களின் பலத்தைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை.

ஒரு வாரம் நண்பன் குமாரின் மனைவி செல்வி முதல்முறையாக ஆட வந்தார். காட்டுக் கொள்ளையன் ஒருவனை ஏறக்குறைய வீழ்த்திவிட்டு என்னிடம் கேட்டார்:

"அண்ணா, இவன் இன்னாத்துக்கு இன்னும் சண்ட போட்டுக்கினே கீறான்? கத்திய கீய போட்டுட்டு கும்பிட மாட்டானா?"

"அதுக்கு ரூல் இல்லம்மா."

"அப்ப எழுதுங்க. சாவறதத் தவிர அவனுக்கு வேற வழியே வைக்கலையே நீங்க."

பாதி உயிர் போனதும் எதிரி பணியலாம் என்று அங்கேயே விதியை மாற்றினேன். கொள்ளையன் கத்தியைப் போட்டான். அவனை என்ன செய்வது என்ற பேச்சில் ஆட்டம் சூடு பிடித்தது.

எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு சண்டையில் பிரிந்த என் தம்பியோடு பேசி வெகுகாலமாகியிருந்தது. அவனாக வந்து மன்னிப்புக் கேட்டபோதும், பழசையெல்லாம் குத்திக்காட்டித்தான் அனுப்பியிருந்தேன். அவனுக்கும் நான் வழி வைக்கவில்லை.

போன் செய்தேன். "சொல்லுணா" என்றான். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடா" என்றேன். வெகுநேரம் இருவருமே போனை வைக்கவில்லை.