அரிசித் தட்டில் இடக்கை

விஜயதசமி காலை. வெள்ளவத்தையில் அக்காவின் ஃப்ளாட். அவளுடைய மகன் ஆதிக்கு ஏடு தொடக்கம். இரண்டே முக்கால் வயது. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியாயிற்று. அவன் கையைப் பிடித்து 'அ' எழுதுவிக்க, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் அப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து பட்டு வேட்டியோடு வந்து சம்மணமிட்டிருந்தார்.

பட்டியல் போடாமல் எனக்குக் கடைக்குப் போகக்கூட வராது. சொஃப்ட்வெயர் சோதிப்பது தொழில்... வேறெப்படி இருப்பேன்? அந்த வாரம்தான் ஒரு ஒன்லைன் வகுப்பில் மனித மனம் வளரும் எட்டுப் படிகளைப் படித்திருந்தேன். கைக்குழந்தைக்கு நம்பிக்கை. இரண்டு, மூன்று வயதில் 'நானே செய்வேன்' என்ற துணிவு — அதைத் தடுத்தால் வெட்கம். பிறகு விளையாட்டு, பள்ளிக்கூடம், 'நான் யார்?' என்று குழம்பும் பதின்வயது, நெருக்கம் தேடும் இளமை, அடுத்த தலைமுறையைப் பார்க்கும் நடுவயது, திரும்பிப் பார்க்கும் முதுமை.

சும்மா இருப்பேனா? ஃபோனில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். வயதை வைத்து வீட்டாரை அடுக்கினேன். ஆதி இரண்டாம் படி. அக்கா ஆறு முடிந்து ஏழு. அப்பா எட்டு.

நல்ல நேரம் வந்தது. ஆதி இடக்கையை நீட்டினான்.

"அந்தக் கை இல்லை ராசா, மற்றக் கை."

"இந்தக் கைதான் அம்மப்பா. நான் எழுதுறன்!"

அப்பா வலக்கையைப் பிடித்தார். அவன் இழுத்தான். அரிசி சிதறியது.

"இடக்கை எண்டா கிரிக்கெட் டீமுக்குக் கட்டாயம் எடுப்பாங்கள் மாமா," என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை.

"பழக்கினா வந்திடும். இவளுக்கும் நான்தானே மாத்தினனான்," என்று அப்பா அக்காவைக் காட்டினார்.

உண்மைதான். அவளுக்கு இரண்டு வயதில் இடக்கையில் கைக்குட்டை கட்டி மாற்றினாராம். ஆனால், மாறியதா? வெங்காயம் வெட்டும்போது அக்காவின் கத்தி இடக்கைக்குப் போகும். யாராவது குசினிக்குள் வந்தால் சட்டென்று வலக்கைக்குத் திரும்பும்.

ஆதியின் உதடு பிதுங்கியது. இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அக்கா அதைப் பார்த்தாள்.

படிப்பு, வேலை, கலியாணம் — எல்லாவற்றுக்கும் "ஓம் அப்பா" என்றே சொல்லி வளர்ந்தவள் அவள்.

"அப்பா, அவன்ட கையை விடுங்கோ."

"என்ன?"

"எனக்கு இண்டைக்கும் ஆக்கள் பாத்தா கை கூசுது. இவனுக்கு அது வேண்டாம்."

அப்பா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

கீழே, காலி ஊருக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அப்பா மெல்ல எழுந்து ஆதியின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். தன் இடக்கையால் அவனுடைய இடக்கையைப் பிடித்தார். பழகாத கை... 'அ' கோணிக்கொண்டு போனது.

"அம்மப்பா, வடிவா எழுதுங்கோ!" என்று ஆதி அதட்டினான். இந்த முறை எல்லோரும் சிரித்தோம். அப்பாவும்தான்.

எங்கள் தொழிலில், 'சரிசெய்தாயிற்று' என்று மூடிவைத்த பிழை வருடக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். மனிதர்களும் அப்படித்தானோ? இரண்டு வயதில் மறித்த படியை அக்கா முப்பத்தாறில் ஏறினாள். அதுவும் மகனுக்காக வாய் திறக்கப்போய்! எழுபதை நெருங்கும் அப்பா இடக்கையால் 'அ' பழகினார். இவர்களை நான் எந்த வரிசையில் போடுவது? அங்கேயே ஃபோனை எடுத்து வயதுக் கட்டம் முழுவதையும் அழித்தேன்.

மத்தியானச் சமையலுக்கு அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குள் போனேன்.

கத்தி கை மாறவில்லை.