பாவாயி அக்கா திட்டி நிமிர்த்திய முதுகு

எருமப்பட்டியிலிருந்து பாவாயி அக்காவின் மகன் காலையில் போன் செய்தார். “அம்மா போயிட்டாங்க. நெஞ்சுச்சளி விடவே இல்லீங்க.” எங்கள் சூரமங்கலத்தில் டவுன் பஸ்கள் வழக்கம்போல் ஓடியது எனக்கு அநியாயமாகப் பட்டது.

ஊருக்கெல்லாம் அவர் கோழிப்பண்ணைக்காரர். எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர். இரண்டு வருடம் முன்பு இருவருமே இடுப்பெலும்பு ஒடிந்து, ஆபரேஷன் முடிந்து ஒரே வார்டில் கிடந்தோம். வலிக்கு ஊசி போட்டால் மத்தியானம் முழுக்கப் பாதி உறக்கத்தில் மிதப்போம். அந்த மிதப்பிலேயே பேசுவார். “கண்ண மூடிக்க அம்மிணி. நாலாயிரம் கோழி ஒண்ணாத் தீவனம் கொத்துது. மழை பெய்யற மாதிரி கேக்குதா?” நிஜமாகவே கேட்டது. முப்பது வருடம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்த நான், நான் பார்த்தேயிராத கொட்டகைக்குள் வெறுங்காலோடு நடந்து திரிந்தேன். ஒடிந்த இடுப்பு அங்கே வலிக்கவில்லை.

வீடு திரும்பி நடக்கத் தொடங்கிய சில மாதத்தில், முட்டை அட்டையைக் குனிந்து எடுத்தபோது அவருக்கு முதுகில் சுருக்கென்றது. வாயு என்றார்கள், சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். நானும் போனில் பூண்டு சாப்பிடச் சொன்னவள்தான், நினைத்தால் கூசுகிறது. கடைசியில் எக்ஸ்ரே படம் எடுத்தபோது முதுகெலும்பில் இரண்டு இடம் நசுங்கியிருந்தது.

அன்றே கூப்பிட்டார். “இடுப்பு ஒருக்கா ஒடிஞ்சவங்களுக்கு முதுகும் ஒடியறது சாஸ்தியாமா. டாக்டரு சொல்றாரு. நீயும் போய்ப் பாரு.” எனக்குத்தான் வலியே இல்லையே என்று நாளைக் கடத்தினேன். ஒருநாள் வாசலில் கார் வந்து நின்றது. முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை பல்லைக் கடித்தபடி வந்திருந்தார். கூன் விழுந்துவிட்டதால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் செருப்பைப் பார்த்துச் சொன்னார்: “உக்காரு. மூஞ்சியப் பாத்துத் திட்டோணும். கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணுவியா?”

அந்தக் காரிலேயே டாக்டரிடம் கூட்டிப்போனார். என் முதுகிலும் ஓர் எலும்பு, வலியே காட்டாமல் அமுங்க ஆரம்பித்திருந்தது. எலும்பு வலுப்பட மருந்து தொடங்கினார்கள், இதுவரை அதற்கு மேல் அமுங்கவில்லை. அக்காவுக்கு மூன்றாவதும் நசுங்கியது, கூன் நெஞ்சை அழுத்தி மூச்சு முட்டியது, சளி கட்டிக்கொண்டது. எனக்கு அவர் இருந்தார். அவருக்கு அப்படி முன்கூட்டியே வந்து சொல்ல யாரும் இருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு ஆறாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திட்டைத்தான். எங்கள் தெருவில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறார். முதுகு பிடித்துக்கொண்டதென்று எண்ணெய் காய்ச்சச் சொன்னாராம். எருமப்பட்டித் துக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பை அணைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ சொன்னேன். அது வரும்வரை அவரைத் திட்டினேன்.