சொர்ணம்மாள் வீட்டு அண்ணாச்சி

முருகதாஸ் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஆனி மாதத்துக் காற்று ஆரல்வாய்மொழித் தெருவில் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தட்டினார். ஜன்னல் வழியாக அவர் மனைவி சொர்ணம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"நாந்தான் ஏட்டி. கதவத் தெற."

"வீட்டுல ஆம்பிள இல்ல. எங்க அத்தான் டூட்டி முடிஞ்சு வருவாவ. பொறவு வாங்க."

அந்த அத்தான் அவர்தான். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து நயமாகப் பேசிக் கதவைத் திறக்கவைத்தாள். உள்ளே போன முருகதாஸ் முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் நின்ற அடுப்படிப் பக்கம் போகக் கால் வரவில்லை.

சொர்ணம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். நூற்றைம்பது பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். யார் வீட்டில் அன்று காலையில் அடுப்பு எரியவில்லை என்பது பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள்தான் மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் மத்தியானம் வரை நின்றாள். தெரிந்த டிரைவர் ஒருவர் கண்டு கூட்டிக்கொண்டு வந்தார். நாகர்கோவில் டாக்டர் டிமென்ஷியா என்றார். மாத்திரை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், மாற்றாது என்றார். வெளியே வரும்போது சுனிதா என்ற நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டினாள். இப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடுகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றாள். முருகதாஸ் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டு அழுக்கை ஊரில் கொண்டுபோய் அலசவா என்று நினைத்துக்கொண்டார்.

மஸ்கட்டில் இருக்கும் மகள் இந்துஜா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். போனைக் காதில் வைத்தால் சொர்ணம்மாளுக்கு எங்கிருந்தோ பழைய குரல் வந்துவிடும். "மக்ளே, சாப்பிட்டியா? அங்க வெயிலா?" என்று ஐந்து நிமிடம் வக்கணையாகப் பேசுவாள். "அம்மை நல்லாத்தானப்பா பேசுதா" என்பாள் இந்துஜா. போனை வைத்ததும் சொர்ணம்மாள் திரும்பி, "அது யாரு பிள்ள?" என்பாள்.

ஆடி பிறந்தபோது அவள் குளித்து ஆறு நாள் ஆகியிருந்தது. அன்று சேலையெல்லாம் மூத்திரத்தில் நனைந்திருந்தது. முருகதாஸ் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். அந்நிய ஆண் தொட்டால் ஒருத்தி எப்படித் துடிப்பாளோ அப்படித் துடித்தாள். சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு அவர் முன்கையில் கடித்தாள். "எங்க அத்தான் வரட்டும், ஒன்ன வெட்டிப் போடுவாவ" என்று கத்தினாள். மூன்று வருடத் தூக்கமின்மையும் ஆத்திரமும் சேர்ந்து அவர் கையில் ஏறின. கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

அவள் அழவில்லை. சுவரோடு ஒடுங்கி நின்று கைகூப்பினாள்.

"அண்ணாச்சி, அடிக்காதீங்க. என்னக் கொண்டு எங்க வீட்டுல விட்டிருங்க."

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அவள்மேல் கை வைத்ததில்லை. அன்றைக்கு முழுவதும் இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்துச் சுனிதாவுக்குப் போன் செய்தார். "அவள விட்டுட்டு எப்பிடி வர?" என்று கேட்டார். "கூட்டிட்டு வாங்க சார். பக்கத்து அறையில பாத்துக்க ஆளு இருக்கு" என்றாள் சுனிதா.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முருகதாஸ் வாயே திறக்கவில்லை. அடுத்த மாதமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் எழுந்திருக்கும் நேரம் வரை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் அவள அடிச்சிட்டேன்" என்றார்.

எதிரே இருந்த கிரேசி என்ற மீன்காரப் பெண் மெல்லச் சொன்னாள். "எங்க அம்மைய நான் கட்டில்ல கட்டிப் போட்டுட்டுத்தான் சந்தைக்குப் போவேன். கை ரெண்டும் தடிச்சிக் கெடக்கும். போன மாசியிலதான் செத்தா. அந்தத் தடிப்போடதான் குழிக்குள்ள வச்சோம்."

சுனிதா யாரையும் தேற்றவில்லை. "இனி கை ஓங்கத் தோணிச்சுன்னா வாசல்ல எறங்கி நில்லுங்க. எனக்குப் போன் போடுங்க" என்றாள். "நான்தான் ஒன் மாப்பிளன்னு அவங்ககிட்ட வாதாடாதீங்க. பயம்தான் கூடும். குளிப்பாட்ட ஒரு பொம்பள வேணும்."

கிரேசி ஆரல்வாய்மொழிச் சந்தைக்கு மீன் கொண்டுவருகிறவள். விற்று முடித்ததும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். முதலில் சொர்ணம்மாளின் காலைக் கழுவுவாள்; அப்புறம் முதுகு; பேசிக்கொண்டே தலைக்கும் ஊற்றிவிடுவாள். கூலி வேண்டாம் என்றாள். "அம்மைக்குச் செய்யாதத செய்யுதேன், விடுங்க" என்றாள்.

முருகதாஸ் தன் பாயை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். தன் வீட்டிலேயே அண்ணாச்சி ஆனார். அண்ணாச்சி சோறு கொடுத்தால் சொர்ணம்மாள் சாப்பிட்டாள். ஒருநாள் கை கழுவிக்கொண்டே, "எங்க அத்தான் வந்ததும் சொல்லுதேன், நீங்க என்ன நல்லா பாத்துக்கிட்டியன்னு" என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். "அத்தான் வந்தாச்சா?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "வந்துட்டு இருக்காவ" என்றார் முருகதாஸ். ஐந்தாம் நாள் சாயங்காலம் கேட்பதை நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் இந்துஜா, "எங்க அப்பா அம்மைய ஒரு சொல்லு சொல்லாமப் பாத்தாவ" என்றாள். எல்லோரும் போனபின் முருகதாஸ் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம். கூட்டத்தில் பன்னிரண்டு பேருக்குத் தெரிந்தது பெற்ற மகளுக்குத் தெரியாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

இந்துஜா நெடுநேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கன்னத்துல?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் எழுந்து போய் மீதிப் பாத்திரங்களைக் கழுவினாள். நான்காம் நாள் விமானம் ஏறினாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. சாப்பிட்டியளா என்று கேட்கிறாள், சாப்பிட்டேன் என்கிறார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு எழுவதில்லை.