ஒன்பது மணி இரண்டு நிமிடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது நாலாம் வகுப்பு வரைதான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்கு வயல். கனால் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், யார் முதலில் பெயர் கொடுத்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் மடை திறப்பார்கள். முன்பு நோட்டில் எழுதினார்கள். நான் முந்தி, நீ பிந்தி என்று சண்டை ஓயாது. தண்ணீர்ச் சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகள்தான் போனில் நிரப்புகிற மாதிரி ஒரு படிவம் செய்து கொடுத்தாள். ‘அனுப்பு’ என்ற பச்சைக் கட்டத்தைத் தொட்டால், தொட்ட மணியும் நிமிடமும் தானாகப் பதிந்துவிடும்.

"இனி வேண்டியவங்கள முன்னால எழுதிட்டான்னு ஒருத்தரும் பேச முடியாதுங்கத்தை" என்றாள்.

போன வருடம், கதிர் பால் பிடிக்கிற சமயம். இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல் தேறிவிடும். அதற்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பெயர் கொடுக்கலாம் என்றார்கள். வயல் என் பெயரில் இருப்பதால் என் போனிலிருந்துதான் போக வேண்டும். மருமகள் எல்லாவற்றையும் நிரப்பிக் கையில் கொடுத்தாள்.

"எட்டானதும் பச்சைய அமுக்கிருங்கத்தை" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

எட்டு அடித்தபோதுதான் காலண்டரைப் பார்த்தேன். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். நாற்று விடுவதோ முதல் மடை திறப்பதோ அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் செய்ததில்லை. பெயரும் சர்வே நம்பரும்தான் எழுதியாகிவிட்டதே, அனுப்புவதை நல்ல நேரத்தில் செய்யலாம் என்று நினைத்துவிட்டேன். போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு அமுக்கினேன்.

பக்கத்து வயல்காரி சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தாள். ராகு காலம் போகக் காத்திருந்து அமுக்கியதை அவளிடம் சொன்னேன்.

"நான் சாணிக் கையோடயே எட்டுக்கு அமுக்கிப் போட்டனுங்கக்கா. நீங்க ராகுவுக்குக் காப்பி வெச்சுக் குடுத்துட்டு இருந்தீங்களாக்கும்?"

நானும் சிரித்தேன்போல இருக்கிறது.

சாயங்காலம் பட்டியல் வந்தது. எங்களுக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் பாய்ந்து எங்கள் மடைக்கு வருமுன் கனாலை அடைத்துவிடுவார்கள். மகன் மருமகளிடம் கேட்டான்.

"ஏம்புள்ள, அதைச் செஞ்சவளே நீதான? ஒன்பதை எட்டாக்க எத்தன நேரமாகும்?"

"ஒரு நிமிசம் ஆகாதுங்க. ஆனா மாத்திட்டா அதுவும் பழைய நோட்டுத்தானுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒன்பது ரெண்டுக்குத்தான் அமுக்குனேன்" என்றேன். மருமகள் எழுந்து அரிசி களையப் போனாள்.

தண்ணீர் வரவில்லை. கதிர் வெள்ளையாக நின்றது. உருவினால் கையில் பதர். மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்தோம். எனக்கு அழுகை வரவில்லை. நான் பாட்டுக்கு வைக்கோலை உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மகன் அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேசியதில்லை. மருமகள் பச்சைக் கட்டத்துக்கு மேலே ‘அனுப்பும் நேரமே கணக்கு’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா என்று எனக்கு இப்போது சந்தேகம். ஆபீஸ் பட்டியலில் எல்லாம் பதிந்திருக்கும். நான் அமுக்கியது ஒன்பது இரண்டுக்குத்தானா என்றும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மருமகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.